மூணு நிமிஷம் வேகம், மூணு நிமிஷம் மெதுவு

(கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "பெண்களும் ஆரோக்கியமும்". பெரிய தலைப்பு. அதில் எனக்குத் தெரிந்தது ஒரு மூலைதான். அந்த மூலையை மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். பின்னால் சாம்பார் தாளிக்கிற வாசம் எனக்கும் வருகிறது.

ஒரு படிக்கட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம குழுக்கள் கணக்கு வைத்திருக்கும் பேங்க் உங்களுக்குத் தெரியும். கீழே கடைகள், மாடியில் பேங்க். மொத்தம் 22 படி. எங்கள் குழுவின் முதல் தலைவி எனக்குப் பெரியம்மா முறை. குழு ஆரம்பித்த நாளிலிருந்து எங்களுக்கு வந்த ஒவ்வொரு கடனுக்கும் அந்தப் படியில் ஏறி இறங்கியவர் அவர்தான். கடைசி ரெண்டு வருஷம் பாதிப் படியில் நின்றுவிடுவார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போங்கடி, நான் வந்துர்றேன்" என்பார். "பெரியம்மாவுக்கு வயசாயிருச்சு" என்று சிரித்துக்கொண்டே நாங்கள் முன்னால் போவோம். அப்போது அவருக்கு 54. அதெல்லாம் ஒரு வயசா?

2022 ஐப்பசியில் ஒரு விடியக்காலையில் மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார்.

நான் அப்போது மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய் பிபி, சுகர் பார்க்க நம்ம மாதிரி குழுப் பெண்களையே எடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். என் பையில் பிபி மிஷின் இருந்தது, சுகர் பார்க்கிற மிஷின் இருந்தது. பெரியம்மா வீட்டுக் கதவையும் தட்டினேன். "எனக்கென்னடி, நாள்பூரா வேலை செய்யுற ஒடம்பு" என்றார். நானும் சரிதான் என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அன்றைக்கே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மூச்சு வாங்குவதை வயசு என்று சொல்லி நகர்ந்து போனவர்களில் நானும் ஒருத்தி. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த அன்று ராத்திரி, என் விரலை நானே குத்திப் பார்த்தேன். 268. ஊருக்கெல்லாம் சுகர் பார்த்தவள் எனக்கு ஒரு வருஷமாகப் பார்க்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூணு மாச சராசரிச் சர்க்கரையைப் பார்த்தார்கள். 8.4 என்று வந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். "நடங்க" என்றார்கள். எல்லாருக்கும் சொல்வதுதான்.

நம்ம பிளாக்குக்கு வருகிற இயன்முறை மருத்துவர் ஒரு சின்னப் பெண். படுக்கையில் கிடக்கும் வயசானவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க என்னோடு வீடு வீடாக வருவார். ஒருநாள் என்னைப் பார்த்து, "அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒங்களுக்கு நல்லா மூச்சு வாங்கும்?" என்று கேட்டார். நான் பெருமையாக, "ஒரு தடவகூட இல்லம்மா" என்றேன். "அதான்க்கா ஒங்க பிரச்சினையே" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. காலையில் 5 மணிக்கு எழுந்து, வாசல் தெளித்து, சமைத்து, துவைத்து, அப்புறம் தையல் மிஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஸ்கூல் யூனிபார்ம். நானா வேலை செய்யாதவள்? உங்களுக்கும் இப்போது அதே கோபம் வரும். வரட்டும்.

அந்தப் பொண்ணு சொன்னதை யோசித்துப் பார்த்தால் ஞாயம் இருக்கிறது. அலுப்பு வேற, பயிற்சி வேற. நம்ம வேலை உடம்பை அலுக்க வைக்கிறது, இடுப்பை ஒடிக்கிறது. ஆனால் இதயத்தையும் நுரையீரலையும் தொடைச் சதையையும் "இன்னும் கொஞ்சம் முடியுமா?" என்று கேட்பதே இல்லை. மிஷினில் இப்போது மோட்டார் வந்துவிட்டது, காலுக்கும் வேலை இல்லை. எங்கள் ஆத்தா காலத்தில் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள், உரலில் நெல்லுக் குத்தினார்கள். ரெண்டு பேர் நின்று உலக்கை மாத்திப் போடுவார்கள். ஒருத்தி ஓங்கிக் குத்தும்போது இன்னொருத்தி உலக்கை மேலே இருக்கும். குத்து, ஒரு நொடி ஓய்வு, மறுபடி குத்து. உடம்புக்கு இந்த மாத்தி மாத்திச் செய்வது ரொம்பப் பிடிக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. அதற்காக மிக்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு அம்மிக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. நானே போகமாட்டேன்.

அசையாமல் இருந்தால் உடம்பு எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதற்கு அந்தப் பொண்ணு ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொன்னார். 1966ல் அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில், 20 வயசு ஆரோக்கியமான பையன்கள் 5 பேரை மூணு வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். எழுந்து வந்தபோது, அவர்கள் உடம்பு ஒரு நிமிஷத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால்வாசிக்கும் மேல் குறைந்திருந்தது. இதை மூச்சுப் பலம் என்று வைத்துக்கொள்வோம். படி ஏறுவது, குடம் தூக்குவது எல்லாம் இதைப் பொறுத்ததுதான். அதே 5 பேரை 30 வருஷம் கழித்து, 50 வயசில் மறுபடி சோதித்தார்கள். 30 வருஷ மூப்பு குறைத்ததைவிட அந்த மூணு வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது! அப்புறம் ஆறு மாசம் பயிற்சி கொடுத்தார்கள். 30 வருஷத்தில் போனது திரும்பி வந்துவிட்டது. பெரியம்மா பாதிப் படியில் நின்றதை நாங்கள் வயசுக் கணக்கில் எழுதினோமே, அந்தக் கணக்கு தப்பு.

சரி, என்ன பயிற்சி? "அக்கா, சும்மா வாக்கிங் போறதவிட, வேகமா கொஞ்சம், மெதுவா கொஞ்சம், மாத்தி மாத்திப் போங்க" என்றார். ஓட்டப்பந்தய வீரர்கள் பல காலமாகச் செய்வது. 1952 ஒலிம்பிக்கில் மூணு தங்கம் வாங்கிய எமில் சாட்டோபெக் என்ற செக் நாட்டுக்காரர் இப்படித்தான் பயிற்சி எடுத்தாராம். அது வீரர்களுக்கு. நம்ம மாதிரி உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இதை இறக்கிக் கொண்டுவந்தவர்களில் ஜப்பானில் மாட்சுமோட்டோ நகரத்து ஷின்ஷு பல்கலைக்கழகத்துக்காரர்கள் முக்கியம். பேராசிரியர் ஹிரோஷி நோஸே என்பவரின் குழு.

அவர்கள் செய்தது என்ன என்றால், 246 பேரை எடுத்தார்கள். சராசரி வயசு 63. அதில் 186 பேர் பெண்கள், இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஒரு பிரிவுக்குப் பயிற்சியே இல்லை. ஒரு பிரிவு ஒரே சீராக நடந்தது, நாளுக்கு 8,000 அடி. மூணாவது பிரிவு மூணு நிமிஷம் வேகம், மூணு நிமிஷம் மெதுவு, இப்படி அஞ்சு சுற்றுக்குக் குறையாமல், வாரத்தில் நாலு நாள். ஐந்து மாசம் ஓடியது. முடிவை 2007ல் வெளியிட்டார்கள். மாத்தி மாத்தி நடந்தவர்களுக்கு முட்டியை நீட்டும் தொடைப் பலம் 13 சதவீதம் கூடியது, மடக்கும் பலம் 17 சதவீதம் கூடியது, நடக்கும்போது மூச்சுப் பலம் 9 சதவீதம் கூடியது. பிபியின் மேல் அளவும் மற்ற பிரிவுகளைவிட நன்றாக இறங்கியது. ஒரே சீராக நடந்தவர்களுக்கு இவ்வளவு கிடைக்கவில்லை.

டென்மார்க்கில் சர்க்கரை நோயாளிகளை வைத்து இதையே செய்தார்கள். நாலு மாசம், வாரத்தில் அஞ்சு நாள், தினம் ஒரு மணி நேரம். ரெண்டு பிரிவும் செலவழித்த சக்தி சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். மாத்தி மாத்தி நடந்தவர்களுக்கு மூச்சுப் பலம் 16 சதவீதம் ஏறியது, எடை 4 கிலோவுக்கு மேல் குறைந்தது. சீராக நடந்தவர்களுக்குச் சொல்லும்படி மாற்றமில்லை. ஆனால் அது 32 பேரை மட்டும் வைத்துச் செய்தது. சின்னக் கணக்கு. நம்ம குழுவிலே ரெண்டு குழு சேர்ந்தால் அதைவிடக் கொஞ்சம்தான் குறையும். அதனால் அதைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டாம்.

இது ஏன் வேலை செய்கிறது? எனக்குப் புரிந்தது நம்ம தவணை முறையை வைத்துத்தான். 15,000 ரூபாயை மொத்தமாக ஒரே நாளில் கட்டு என்றால் நம்மில் யாரால் முடியும்? அஞ்சு தவணையாகக் கேட்டால் கட்டிவிடுகிறோம். 15 நிமிஷம் தொடர்ந்து வேகமாக நட என்றால் என் உடம்பு தராது. நாலாவது நிமிஷத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். மூணு மூணு நிமிஷமாக, நடுவில் ஆற விட்டு, அஞ்சு தடவை கேட்டால் அதே உடம்பு 15 நிமிஷ வேகத்தைக் கொடுத்துவிடுகிறது. அந்த 15 நிமிஷம்தான் மருந்து. மெதுவாக நடப்பது அந்த மருந்தை விழுங்க வைக்கும் தண்ணீர் மாதிரி.

வேகமாக நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்றால், இதயம் வேகமாகவும் அழுத்தமாகவும் அடிக்கிறது. ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் போகப் போகக் கூடுகிறது. ரத்தக் குழாயின் உள்சுவர் ரத்த ஓட்டம் உரச உரச இளகிக் கொடுக்கப் பழகுகிறது. சதைக்குள்ளே மைட்டோகாண்ட்ரியா என்று கண்ணுக்குத் தெரியாத அடுப்புகள் இருக்கின்றன. நாம் சாப்பிட்ட சர்க்கரையையும் கொழுப்பையும் எரிப்பது அவைதான். அவசரமாகச் சக்தி கேட்டால், இருக்கிற அடுப்பு போதவில்லை என்று உடம்பு புது அடுப்பு போடுகிறது. சில வாரங்களிலேயே போட ஆரம்பித்துவிடும்.

சர்க்கரைக்காரர்கள் இதைக் கேளுங்கள். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை சதைக்குள் போக இன்சுலின் என்ற சாவி வேண்டும். நமக்கு அந்தச் சாவி துருப்பிடித்துப் போய்விட்டது. ஆனால் சதை கடினமாக வேலை செய்யும்போது சாவி இல்லாமலே திறக்கிற ஒரு கொல்லைக் கதவு இருக்கிறது. அதோடு, பயிற்சி முடிந்தபிறகும் ஒரு நாள், ரெண்டு நாள் வரை சாவியும் கொஞ்சம் நன்றாகத் திருகும். அதனால்தான் ரெண்டு நாளுக்கு மேல் சேர்ந்தாற்போல விடாதே என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக நடந்து ஒரு வாரத்துக்குச் சேர்த்து வைக்க முடியாது. சேமிப்புக்குச் செல்லும் கணக்கு இங்கே செல்லாது.

இன்னொரு செய்தி எனக்குப் பெரியம்மாவை நினைக்க வைத்தது. அதே டாலஸில் 2018ல் வெளியிட்ட ஆராய்ச்சி. 45லிருந்து 64 வயசு வரை, நோய் இல்லாத, ஆனால் உட்கார்ந்தே இருப்பவர்கள். வருஷக்கணக்கில் அசையாமல் இருந்தால் இதயச் சதை விறைத்துவிடும், பழைய ரப்பர் மாதிரி. ஒரு பிரிவுக்கு யோகா மாதிரியான பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு ரெண்டு வருஷம் கட்டுப்பாடான பயிற்சி. அதில் நாலு நிமிஷம் கடும் வேகம், மூணு நிமிஷம் ஆறுதல் என்ற சுற்றுகளும் உண்டு. ரெண்டு வருஷ முடிவில் அவர்களுக்கு மூச்சுப் பலம் 18 சதவீதம் கூடியது, இதயத்தின் விறைப்பும் இளகியது. யோகா பிரிவில் அந்த மாற்றம் இல்லை. யோகா வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நம்ம பொருளாளர் அக்கா என்னை முறைக்கிறார்கள். இடுப்புக்கும் மனசுக்கும் அது நல்லது. இதயத்தை இளக்குவது வேறு வேலை. 65 வயசைத் தாண்டித் தொடங்கியவர்களுக்கு அந்த விறைப்பு அவ்வளவாக இளகவில்லை என்று முன்னமே கண்டிருக்கிறார்கள். ஆனால் மூச்சுப் பலம் அவர்களுக்கும் கூடியது. அதனால் ஆத்தாமார்கள் மனசு விட வேண்டாம். நாற்பது, ஐம்பதில் இருப்பவர்கள்தான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

இனி எங்கள் கதை. நான், என் நாத்தனார், எதிர்வீட்டு அக்கா என்று மூணு பேர் கண்மாய்க்கரையில் ஆரம்பித்தோம். பெரிய மடையிலிருந்து கலுங்கு வரைக்கும் வேகமாக நடந்தால் சரியாக மூணு நிமிஷம். போனில் அலாரம் வைக்கத் தெரியாதவர்களுக்கும் மடையும் கலுங்கும் தெரியும். முதல் நாள் எதிரே ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு அண்ணன், "என்னத்தா, யார விரட்டிக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். நாத்தனார் சும்மா இருக்காமல், "சுகர விரட்டுறோம்ணே" என்றாள். அன்றிலிருந்து ஊரில் எங்களுக்கு "சுகர் விரட்டிகள்" என்று பெயர்.

எது வேகம், எது மெதுவு என்று அளக்க மிஷின் வேண்டாம். மெதுவாக நடக்கும்போது மாமியாரைப் பற்றி முழுக்கதையும் சொல்ல முடியும். வேகத்தில் "ஆமா", "இல்ல" தவிர ஒன்றும் வரக் கூடாது. வேகத்திலும் கதை ஓடினால் அது வேகமில்லை. ஒரு வார்த்தைகூட வராமல் நெஞ்சு அடைத்தால் அது தேவைக்கு மேல். ஓடவேண்டியதே இல்லை. கையை வீசி, எட்டி வைத்து நடப்பதுதான்.

முதல் ரெண்டு வாரம் மூணு நிமிஷம் எல்லாம் இல்லை. ஒரு நிமிஷம் வேகம், மூணு நிமிஷம் மெதுவு, நாலே சுற்று. இயன்முறைப் பொண்ணு அப்படித்தான் சொல்லியிருந்தது. மூணாவது வாரம் எனக்குத் திமிர் வந்துவிட்டது. மெதுவாக நடக்கிற நேரமெல்லாம் வீண் என்று நினைத்து, தொடர்ந்து வேகமாகவே போனேன், அதுவும் கல்லுப் பாதையில், ரப்பர் செருப்போடு. மறுநாள் வலது முட்டி வீங்கிவிட்டது. ரெண்டு வாரம் வீட்டிலே. "நான் அப்பவே சொன்னேன்" என்று வீட்டுக்காரர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னார். அவர் அப்போது ஒன்றுமே சொல்லவில்லை, அது வேற விஷயம். மெதுவு என்பது சோம்பல் இல்லை, அந்த நேரத்தில்தான் இதயத் துடிப்பு இறங்கி, சதை தன்னைச் சுத்தம் செய்துகொண்டு அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது என்பது வீங்கிய முட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

அப்புறம்தான் கேன்வாஸ் ஷூ. 450 ரூபாய். சேலைக்கு ஷூவா என்று வெட்கம் ஒரு பக்கம், காசு ஒரு பக்கம். குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்டேன். கணக்காளர் பொண்ணு நோட்டைத் திறந்து, "எந்தத் தலைப்புல எழுத? அவசரச் செலவா, துணிமணியா?" என்றாள். பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் "மருத்துவச் செலவு" என்று எழுதி, என்னோடு சேர்த்து ஏழு பேருக்கு ஷூக்கடன் கொடுத்தோம். எல்லாரும் கட்டி முடித்துவிட்டோம். ஒருத்தர்கூடப் பாக்கி இல்லை என்பதைக் கூட்டமைப்பு ஏட்டில் பதிவு செய்யவேண்டும்.

ஒரு விஷயம், பின்வரிசையில் ஆண்கள் இருக்கிறார்கள், பரவாயில்லை, சொல்லித்தான் ஆகவேண்டும். எங்களோடு வந்த ஒரு அக்கா நாலே நாளில் நின்றுவிட்டார். கேட்டால் "கால்வலி". ரொம்ப நாள் கழித்து என் காதில் மட்டும் சொன்னார், வேகமாக நடந்தால் சிறுநீர் கசிகிறதாம். மூணு பிள்ளை பெற்றவர். இது எத்தனையோ பேருக்கு இருக்கிறது, யாரும் வாயைத் திறப்பதில்லை. இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறுநீரை அடக்குவதுபோல அடிச்சதையை இறுக்கி, அஞ்சு எண்ணும்வரை பிடித்து, விடவேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே தினமும் மூணு வேளை, வேளைக்குப் பத்துத் தடவை செய்யலாம். சில மாசத்தில் பலருக்கும் குறையும். குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டலாம். அந்த அக்கா இப்போது மறுபடி வருகிறார்.

யார் யார் யோசித்துத் தொடங்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை விட்டால் நான் செய்தது தப்பாகிவிடும். படியேறினால் புதுசாக மூச்சு வாங்குகிறது, நெஞ்சு இறுக்குகிறது, இடது கையோ தாடையோ வலிக்கிறது என்றால், நடப்பதற்கு முன்னால் டாக்டர். எங்கள் பெரியம்மா நின்றாரே, அந்தப் படியில் நிற்பவர்களை நடக்கச் சொல்லக் கூடாது, முதலில் இசிஜி எடுக்கச் சொல்லவேண்டும். பிபி மேலே 180, கீழே 110 என்ற அளவில் இருந்தால் அன்றைக்கு வேகம் கிடையாது, நேராக ஆஸ்பத்திரி. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் டாக்டர் சம்மதம் இல்லாமல் தொடங்க வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். முந்தானையில் ரெண்டு மிட்டாய் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் கிளம்பலாமா என்று உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள், சர்க்கரைக்காரர்களுக்குக் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். நடக்கும்போது நெஞ்சுவலி வந்தால் நின்றுவிட்டு 108.

என் கணக்கைக் கேட்பீர்கள். எட்டு மாசத்தில் எடை குறைந்தது ரெண்டே கிலோ. பத்து நாளில் தொப்பை கரையும் என்று போனில் வருகிற வீடியோக்களைப் பார்த்து ஏமாறாதீர்கள், என் தொப்பை இதோ பத்திரமாக இருக்கிறது. 8.4 ஆக இருந்த சர்க்கரை 7.1க்கு வந்தது. அதில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, ராத்திரிச் சோற்றைக் குறைத்ததற்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. மாத்திரையை நான் நிறுத்தவில்லை, நீங்களும் நடக்கிறோம் என்று நிறுத்திவிடாதீர்கள். நடையால் வந்தது என்று நான் சத்தியம் செய்யக்கூடியது ஒன்றுதான். போன மாசம் கடன் புதுப்பிக்கப் போனபோது அந்த 22 படியையும் நிற்காமல் ஏறினேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் பாதிப் படியில் யாரும் இல்லை. பெரியம்மா நிற்கிற இடம் அது. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், மூச்சு வாங்கி இல்லை.

வீட்டில் காலை டீ யார் போடுவது என்பதுதான் பாதிப் பேருக்குத் தடை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்காரர் இப்போது டீ போடக் கற்றுக்கொண்டார். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடுகிறார், அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். வெளியே போகவே முடியாதவர்கள் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கலாம். கனடாவில் உட்கார்ந்தே இருந்த இளவயசுக்காரர்களை 60 படியை வேகமாக ஏறவைத்தார்கள். ஒரு நாளில் மூணு தடவை, வாரத்தில் மூணு நாள், ஆறு வாரம். அவ்வளவுக்கே மூச்சுப் பலம் கொஞ்சம் கூடியது. மாடிப்படியும் இல்லாதவர்கள் வாசல் திண்ணையில் ஏறி இறங்குங்கள்.

வருகிற திங்கட்கிழமையிலிருந்து காலை 5.30க்குப் பெரிய மடைகிட்ட நிற்போம். முதல் வாரம் இயன்முறை மருத்துவர் தங்கச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற எல்லாருக்கும் முதல் நாள் நானே பிபி, சுகர் பார்த்துத்தான் நடக்க விடுவேன். "எனக்கென்னடி" என்று யார் சொன்னாலும் இந்தத் தடவை விடமாட்டேன். நாய்த்தொல்லைக்கு ஒரு கம்பு இருக்கிறது, நாத்தனார் கையில். ஷூக்கடன் வேண்டுகிறவர்கள் அவரவர் குழுவில் இந்த மாசக் கூட்டத்துக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.